பழைய தமிழ் நூல்களும் ஏடுகளும் இணையத்துக்கு வருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் தாத்தா காலத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், ஆய்வுக்குப் பழைய பதிப்பைத் தேடுபவர்கள், ஊர் நூலகத்தைக் கவனித்துக்கொள்பவர்கள் எனப் பலரும் மின்னாக்கம் பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஏடு, நூல், இதழ் இவற்றைப் படமெடுத்து, விவரம் எழுதி, முடிந்தால் தட்டெழுத்தாகவும் மாற்றி, எவரும் படிக்கும்படி வைப்பதைத்தான் இங்கே மின்னாக்கம் என்கிறேன்.

முக்கியமான நூல்கள் எல்லாம் அச்சில் வந்துவிட்டனவே, இன்னும் என்ன பாக்கி?

அச்சில் வந்ததும் அழிகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ்க் காகிதம் பரவியது. அதில் இருக்கும் அமிலமே அதை அரித்துவிடும். பழுப்பேறி, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். எழுபது வருஷத்துச் சாணித்தாள் இதழ் ஒன்று, அதைவிட நூறு வருஷம் மூத்த நூலைவிட மோசமான நிலையில் இருப்பது சாதாரணம்.

அப்புறம், எது முக்கியம் என்று யார் முடிவு செய்வது? குறளுக்கும் சிலம்புக்கும் பதிப்புகள் ஏராளம். குஜிலிக் கடைகளில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், சங்க மலர்கள் இவற்றுக்கெல்லாம் இரண்டாவது பிரதி எங்காவது இருக்குமா என்பதே சந்தேகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இவற்றையும் நூல்களோடு நூல்களாகச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே இருக்க வழிசெய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படித்தான் பிறந்தது. முதலில் மைக்ரோஃபிலிமில் எடுத்தார்கள், பிறகு டிஜிட்டலுக்கு வந்தார்கள். நூறாண்டு காலத் தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் எதைப் படித்தார்கள், எதைப் பாடினார்கள் என்று இன்று ஒருவர் எழுத முடிகிறது என்றால், அதற்கு இப்படிப்பட்ட சேகரிப்புகளே காரணம்.

ஓலை முந்நூறு வருஷம் நின்றது. கணினிக் கோப்பு நிற்குமா?

தனியாக விட்டால் நிற்காது. ஓலையும் தனியாக விட்டால் நிற்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நம் வெயிலிலும் ஈரத்திலும், பூச்சிக்குத் தப்பினால் ஓலைக்குச் சில நூறு ஆண்டுகள் ஆயுள். சங்கப் பாட்டுகள் இரண்டாயிரம் ஆண்டு பிழைத்தது எந்த ஓலையின் வலுவாலும் இல்லை. சில தலைமுறைக்கு ஒருமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஏட்டில் பெயர்த்து எழுதினார். அப்படி எழுத ஆள் இல்லாத நூல்கள் போய்விட்டன. பிரதி எடுப்பதுதான் நம் மரபில் பாதுகாப்பு. ஸ்கேனர் அந்த வேலையைத்தான் வேகமாகச் செய்கிறது.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடக் கொடிய சான்று நமக்கு வேண்டாம். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் இல்லாதவையும் அவற்றில் இருந்தன. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டத்தைத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கியபோது அந்த இழப்பு எல்லார் நினைவிலும் இருந்தது.

டிஜிட்டலிலும் இதே கதை நடந்திருக்கிறது. இந்திய அரசு உதவியோடு லட்சக்கணக்கான நூல்களை ஸ்கேன் செய்த டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா தளம் ஒரு கட்டத்தில் இணையத்திலிருந்து போய்விட்டது. அதில் இருந்த நூல்களைத் தன்னார்வலர்கள் முன்கூட்டியே இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றி வைத்திருந்ததால்தான் இன்றும் அவற்றைப் படிக்கிறோம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, உலகின் பல மூலைகளிலிருந்து எடுத்த அரிய ஆவணப் படங்கள் இருந்த அதன் தளமும் நெடுநாள் முடங்கியது. அந்தப் படங்களை எடுக்க உதவிய திட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு. மூலம் அதன் நாட்டிலேயே இருக்க வேண்டும், ஸ்கேன் பிரதி ஒன்றும் அங்கேயே தரப்பட வேண்டும். தளம் முடங்கினாலும் உள்நாட்டுப் பிரதி இருந்தது.

ஆகவே: குறைந்தது மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு ஊரில். கூகுள் டிரைவில் இருக்கிறது, போதும் என்பவர்களிடம் நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

இதனால் உண்மையில் என்ன மாறியிருக்கிறது?

யார் படிக்கலாம் என்பது மாறியிருக்கிறது. என் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்கும் அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் ஊர் ஊராக, மடம் மடமாக, கவிராயர் வீடு வீடாக ஏடு தேடி அலைந்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகக் கேட்டு நொந்ததை அவரே எழுதியிருக்கிறார். அதே 1887இல் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். அவர்கள் கால் தேய நடந்து கண்டெடுத்த பதிப்புகளை, அவற்றின் முகவுரையோடும் பிரதிபேதக் குறிப்புகளோடும் (ஏட்டுக்கு ஏடு பாடம், அதாவது சொல்வடிவம், மாறுவதைக் காட்டுபவை) இன்று ஒரு கல்லூரி மாணவி செல்போனில் திறக்கிறாள். முதல் பதிப்பையும் மூன்றாம் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதிப்பாசிரியர் எந்தப் பாடத்தை ஏன் மாற்றினார் என்று பார்க்கிறாள். முன்பு இதற்குச் சென்னைக்கு ரயிலேற வேண்டும், அறிமுகக் கடிதம் வேண்டும், நூலகர் மனம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, தேடல். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்குச் சொல்லடைவு ஒன்றை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. எந்தச் சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் என்று மனிதர்கள் பார்த்துப் பார்த்துத் தொகுத்த மலைப்பான உழைப்பு. இன்று தேடுபெட்டியில் அதே கேள்விக்கு நொடியில் பதில் வருகிறது. ஆனால் அந்தப் பதில் சரியாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு அடிப்படையான பாடம் சரியாக இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கீழே எழுத்துணரி (படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

குறைந்ததும் உண்டு. ஸ்கேன் இருக்கிறதே என்று சில இடங்களில் மூல நூலைக் காட்ட மறுக்கிறார்கள். காகிதத்தின் தரம், கட்டமைப்பு, ஓரத்தில் பென்சிலில் எழுதிய குறிப்பு இவற்றை ஆராய்பவருக்குக் கறுப்பு வெள்ளைப் பிடிஎஃப் உதவாது.

எங்கெங்கே படிக்கலாம்?

மதுரைத் திட்டம், 1998 முதல். உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கிய நூல்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும். தமிழ் விக்கிமூலம். இன்டர்நெட் ஆர்க்கைவ். சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கு அந்நாட்டு தேசிய நூலகம். சைவ ஆகமச் சுவடிகள் வேண்டுமென்றால் புதுச்சேரி. அங்குள்ள சுமார் 11,000 சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

பக்கத்தின் படம் இருந்தால் போதாதா? எழுத்தாக ஏன் மாற்ற வேண்டும்?

படத்தில் தேட முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க விரும்பும் முதியவருக்கும் படம் பாதி உதவிதான். எழுத்தாக மாறினால்தான் நூல் முழுதாகத் திறக்கிறது.

மாற்றும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். புது அச்சு என்றால் அசத்தலாகப் படிக்கிறது. 1930களில் வந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு ணா, றா, னா மூன்றும் வேறு உருவில் இருந்தன. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கையோடு வந்தன. அவற்றைக் கண்டதும் மென்பொருள் தடுமாறி வேறு எழுத்தைப் போட்டுவிடும். அடுத்து, பக்க எண். பழைய நூல்களில் பக்க எண் தமிழ் இலக்கத்தில் இருக்கும். தமிழ் ஒன்றுக்கும் 'க' எழுத்துக்கும் ஒரே உருவம், இரண்டுக்கும் 'உ' எழுத்துக்கும் ஒரே உருவம். பன்னிரண்டாம் பக்கம் 'கஉ' என்று வந்து பாட்டின் முதல் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். மை மங்கிய இடத்தில் மெய்யின் புள்ளி காணாமல் போகும். தாளில் இருந்த கறை புள்ளியாகிவிடும்.

இதையெல்லாம் திருத்த மனிதக் கண் வேண்டும். நாங்கள் மெய்ப்புப் பார்ப்பவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: இன்றைய எழுத்துமுறைப்படி "திருத்தாதீர்கள்". நூலில் எப்படி இருக்கிறதோ அப்படியே.

ஓலைச்சுவடியையும் கணினி படித்துவிடுமா?

முயற்சிகள் நடக்கின்றன. பொறுமை வேண்டும். ஏட்டில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டியிருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. செய்யுளைக்கூட அடி பிரிக்காமல் ஓரம் தொட்டு ஓரம் வரை எழுதிக்கொண்டு போவார்கள். ஏட்டில் உள்ள அதே வடிவத்தை 'பொது' என்றும் படிக்கலாம், 'போது' என்றும் படிக்கலாம், 'பேரது' என்றும் படிக்கலாம். எது சரி என்பதை யாப்பும் பொருளும் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கை ஏடு படிக்கக் கற்றுக்கொடுக்கச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படமெடுத்த சுவடியைப் படிக்க ஆள் இல்லாமல் போனால் அந்தப் படத்தால் யாருக்கும் பயனில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்த வேலையெல்லாம் எளிதுதானே?

வேகம் கூடியிருக்கிறது, ஆனால் எனக்கு மிகுந்த கவலையும் இங்கேதான்.

பழைய எழுத்துணரி தவறினால் உளறும். 'கஉ', 'ற்ப்ள' என்று ஏதாவது வரும். பார்த்த உடனே பிழை என்று தெரியும், திருத்திவிடலாம். இப்போது வரும் கருவிகள் உளறுவதில்லை. எழுத்துத் தெரியாத இடத்தில், முன்பின் பார்த்துப் பொருத்தமான ஒரு தமிழ்ச் சொல்லைத் தாமே போட்டுவிடுகின்றன. வாக்கியம் அழகாக ஓடும். நூலாசிரியர் எழுதாத சொல் அங்கே உட்கார்ந்திருக்கும். மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டால் மட்டுமே பிடிபடும்.

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் நடுவே அடிகள் சிதைந்திருக்கின்றன. பதிப்புகளில் அந்த இடங்களில் புள்ளிகள்தான் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று காட்டுவது பதிப்பு நேர்மை. ஓட்டையை ஒட்டுப்போட்டு நிரப்பும் கருவியின் கையில் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, வந்ததைச் சரிபார்க்காமல் இணையத்தில் ஏற்றினால், பத்து வருஷத்தில் எது சங்கப் பாட்டு, எது கருவியின் கற்பனை என்று பிரிக்க முடியாமல் போகும். கருவியைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. பக்கத்தின் படத்தையும் எழுத்தையும் எப்போதும் சேர்த்தே வெளியிடுங்கள். சந்தேகப்படுபவர் பார்த்துக்கொள்ளலாம்.

காப்புரிமை?

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1964இல் காலமானவரின் நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. இலங்கையில் 70 ஆண்டுகள். இதைத் தவிர, தமிழக அரசு எழுத்தாளரின் வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கும் வழக்கமும் உண்டு. பாரதியின் படைப்புகளை 1949இல் அரசு வாங்கியது இதற்கு முன்னோடி. இப்படி நாட்டுடைமையான நூல்கள் எண்ணற்றவை கட்டணமின்றி இணையத்தில் கிடைப்பது தமிழுக்கு வாய்த்த நல்ல பேறு.

பலரும் தவறும் இடம் ஒன்று: மூலம் பழையது என்பதால் உரையும் பழையது ஆகிவிடாது. குறள் யாருக்கும் சொந்தமில்லை. இப்போது வாழும் ஒருவர் அதற்கு எழுதிய உரை அவருக்குச் சொந்தம்.

பதிப்பில் இல்லாத நூல்தானே, டெலிகிராமில் பிடிஎஃப் போட்டால் என்ன?

எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார் என்றால் அவரிடம் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள், சிலர் திருத்திய பதிப்பையே தருகிறார்கள். கேட்காமல் போடுவதைத் தொண்டு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் சில நூறு பிரதி விற்றாலே பெரிது. இன்று தேவைக்கேற்ப ஐம்பது பிரதி மட்டும் அச்சிடும் வசதி இருப்பதால் சிறு பதிப்பகங்கள் பழைய நூல்களை மறுபடி கொண்டு வருகின்றன. அடுத்த வாரமே அந்த நூலின் பிடிஎஃப் குழுக்களில் சுற்றினால் அவர்கள் இன்னொரு நூலில் கை வைக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஏட்டுக்கட்டு இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், எதுவும் செய்யாதீர்கள். கயிற்றை இழுக்க வேண்டாம், ஒட்டிக்கிடக்கும் ஏடுகளைக் கத்தியால் பிரிக்க வேண்டாம். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். சுவடி நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது உண்டு, அதைப் பழகியவர்கள் செய்யட்டும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

மின்னாக்கத்துக்குக் கொடுத்தால் ஏடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். போகாது, போகவும் கூடாது. படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. எழுத்தில் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். யாராவது விலை பேசினால் எச்சரிக்கையாக இருங்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடி 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

செல்போனில் எடுத்தால் போதுமா?

அச்சு நூலுக்கு அவசரத்துக்குப் போதும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனை அசையாமல் நிறுத்தி, பக்கத்துக்கு நேர் மேலே இருந்து எடுங்கள். விரல் தெரியக் கூடாது. அட்டை, விளம்பரப் பக்கம், வெற்றுப் பக்கம் எதையும் விடாதீர்கள். விளம்பரத்தில்தான் அச்சகத்தின் முகவரியும் மற்ற நூல்களின் விலையும் இருக்கும். முறையாகச் செய்வதென்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில், டிஃப் என்ற பட வடிவக் கோப்பாக. டெமி அளவில் ஒரு பக்கம் சுமார் 12 எம்பி வரும், 200 பக்க நூல் இரண்டரை ஜிபி. படிப்பதற்குச் சிறிய பிடிஎஃப் தனியாக.

நூலின் முதுகை வெட்டித் தாள் தாளாக ஸ்கேனரில் ஓட்டாதீர்கள். மலிவாக முடிகிறது என்று சிலர் செய்கிறார்கள். அந்தப் பிரதி அதோடு சரி. ஸ்கேன் சரியில்லை என்று நாளைக்குத் தெரிந்தால் மறுபடி எடுக்க நூல் இருக்காது.

தலைப்பும் ஆசிரியர் பெயரும் போட்டால் போதாதா? இவ்வளவு விவரம் எதற்கு?

டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவில் தமிழ் நூல்களின் தலைப்புகளை ரோமன் எழுத்தில், பிழை மலிந்து பதிந்திருந்தார்கள். நூல் உள்ளே இருக்கும், தேடினால் வராது. கிடைக்காத நூலுக்கும் தவறாகப் பெயரிட்ட நூலுக்கும் வாசகரைப் பொறுத்தவரை வேறுபாடே இல்லை.

ஆண்டைக் குறிப்பது தனி வேலை. பழைய நூலின் முகப்பில் 'பிரமோதூத வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுழற்சியில் அது 1870 ஆகலாம், 1930 ஆகலாம். அச்சகத்தின் பெயர், விலை அணாவில் எவ்வளவு, சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டும் பாட்டு) கொடுத்தவர் எந்தக் காலத்தவர், எழுத்துருவின் வார்ப்பு எப்படி என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உறுதியில்லை என்றால் இரண்டு ஆண்டையும் எழுதி, முகப்பில் இருந்ததை அப்படியே சேர்த்துவிடுங்கள்.

வெளியூரில் இருக்கிறேன், கையில் பழைய நூல் எதுவும் இல்லை. நான் உதவ முடியுமா?

தாராளமாக. தமிழ் விக்கிமூலத்துக்குப் போங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த நாட்டுடைமை நூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் அங்கே இருக்கின்றன. எழுத்துணரி ஓட்டியாகிவிட்டது, மெய்ப்புதான் பாக்கி. ஒரு பக்கம் பக்கத்தின் படம், மறுபக்கம் எழுத்து. சிவப்பு நிறம் என்றால் யாரும் இன்னும் பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார், பச்சை என்றால் இரண்டாமவரும் சரிபார்த்துவிட்டார். சிவப்பில் ஒரு பக்கத்தை எடுங்கள். செய்யுள் கடினம் என்றால் சிறுகதை, பயணக்கட்டுரை, வாழ்க்கை வரலாறு என்று உங்களுக்குப் பிடித்த நூலாகத் தேர்ந்தெடுங்கள். கணக்கு உருவாக்கச் சில நிமிடம் ஆகும். முதல் பக்கத்தில் தவறு செய்தாலும் பரவாயில்லை, பழைய வடிவம் பக்க வரலாற்றில் அப்படியே இருக்கும், யாராவது வந்து சரிசெய்து உங்கள் பேச்சுப் பக்கத்தில் விவரமும் எழுதிவிட்டுப் போவார்கள்.